கீழே இரண்டு எழுத்து

"கொஞ்சமாவது வெட்கம் வேண்டாம்? எழுதுறது நான், பேரு அந்தம்மாவுக்கா?"

ஜெரோடிச் இதைக் கம்ப்யூட்டரிடம்தான் சொன்னாள். காலை எட்டு மணி. நைரோபியில் இருந்த அந்த விளம்பர அலுவலகத்துக்கு இன்னும் யாரும் வந்து சேரவில்லை. 'என் உழைப்பைத் திருடுகிறார்' என்று தலைப்புப் போட்டு, முதலாளி முட்டிசோவுக்கு மெயிலைத் தட்டிவிட்டாள்.

விஷயம் இதுதான். கம்பெனிகளுக்காக சோஷியல் மீடியாவில் பதிவு போடுவது அவர்கள் தொழில். எதைப் போட்டாலும் எழுதியவர் பெயரின் இரண்டு எழுத்து கீழே தானாக ஒட்டிக்கொள்ளும். ஜெரோடிச் கோஸ்கெய் என்றால் ஜே.கே. ஆனால் அவள் சேர்ந்த முதல் நாளே, சீனியர் கெமுன்டோ நியாபோகே அவளுடைய லாகினில் கே.என். என்று தன் எழுத்தைப் போட்டுவிட்டாள்.

"இது உங்க எழுத்தாச்சே?"

"ஆமா. அப்படியே இருக்கட்டும்."

அதோடு சரி. மூன்று மாதத்தில் ஜெரோடிச் எழுதிய மூன்று பதிவுகள் நாடு முழுக்கச் சுற்றின. மூன்றின் கீழேயும் கே.என்.! வெள்ளிக்கிழமையோடு சோதனைக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமா, இல்லை பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான எல்டோரெட்டுக்கு பஸ் ஏறுவதா என்று தெரிந்துவிடும். இந்த நேரத்தில்கூடப் பேசாமல் இருந்தால் எப்படி?

ஒன்பது மணி ஆகியும் ஆத்திரம் அடங்கவில்லை. மனசை மாற்ற, அறைத்தோழி நேற்றுக் கிண்டிய உகாலியை, அதாவது மக்காச்சோளக் களியைப் பற்றித் தன் சொந்தப் பக்கத்தில் ஒரு கிண்டல் போட்டாள்.

'இந்த உகாலியை வெச்சு செவுத்துல ஆணி அடிக்கலாம்!'

போட்ட பிறகுதான் பார்த்தாள். அது சொந்தப் பக்கம் இல்லை. அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரான மக்காச்சோள மாவு கம்பெனியின் பக்கம்.

சோதனைக் காலத்தில் ஒரே ஒரு புகார் வந்தாலும் வேலை போய்விடும் என்பது முட்டிசோவின் விதி. அழிக்கக் கை நீண்டது.

"தொடாதே!"

பின்னால் கெமுன்டோ. ஒரு கையில் டீ, இன்னொரு கையில் எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பலகாரம்.

"இதுக்குள்ள நூறு பேர் படம் புடிச்சு வெச்சிருப்பான். அழிச்சா இன்னும் கேவலம். எந்திரி."

ஜெரோடிச்சின் நாற்காலியில் கெமுன்டோ உட்கார்ந்தாள். யோசிக்கவே இல்லை. விரல்கள் பாட்டுக்குத் தட்டின.

'தப்பு எங்க மாவு மேல இல்லீங்க, கிண்டின கை மேல. உங்க வீட்டுல இதைவிடக் கெட்டியா யாராவது கிண்டுறாங்களா? படம் அனுப்புங்க. ஜெயிக்கிறவங்களுக்கு ஒரு மூட்டை மாவும், தண்ணி எவ்வளவு ஊத்தணும்னு சொல்லித்தர ஒரு ஆளும் இலவசம்!'

"மூட்டைக்கு கம்பெனி ஒத்துக்கலைன்னா?"

"நான் வாங்கித் தரேன். வாயை மூடிட்டுப் பாரு."

பத்து நிமிஷத்தில் படங்கள் கொட்ட ஆரம்பித்தன. நகுருவில் ஒரு மெக்கானிக், லாரி உருளாமல் இருக்க சக்கரத்துக்கு உகாலியை முட்டுக்கொடுத்திருந்தார். மச்சாகோஸில் ஒரு மருமகள் மாமியாரின் உகாலியைப் போட, மாமியாரே கீழே கமென்டில் வந்து பதில் கொடுத்தார். கெமுன்டோ ஒருவரை விடவில்லை. ஆளுக்கொரு நையாண்டி, ஆளுக்கொரு பதில். மண்டாசி ஆறிப்போனது. மதியத்துக்குள் நாட்டில் பாதிப்பேர் வாயில் அந்த மாவின் பெயர்தான்.

ஜெரோடிச் கோபத்தை மறந்து வாயைப் பிளந்து நின்றாள். 'இதெல்லாம் எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்? மனுஷியா இவள்!'

ஆனால் மாவு கம்பெனி மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டிசோ செல்போனை ஸ்பீக்கரில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"ஊரே எங்க பேரைச் சொல்லுது, சரி. ஆனா எங்க மாவை வெச்சு ஆணி அடிக்கலாம்னு எழுதினது யாரு? கே.என்.னு போட்டிருக்கே!"

ஜெரோடிச் வாயைத் திறந்தாள். கெமுன்டோ அவள் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"நான்தான் சார்."

"இனிமே எங்க பக்கத்துல உங்க கை படக்கூடாது!"

"சரிங்க."

ஆறிப்போன மண்டாசியை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

ஜெரோடிச்சால் பொறுக்க முடியவில்லை. முட்டிசோவின் அறைக்குள் ஓடினாள்.

"சார், அந்தப் பதிவு... அது நான்..."

"தெரியும். உட்காரு. இதைப் படி."

கம்ப்யூட்டரைத் திருப்பினார். கெமுன்டோ மாதாமாதம் அனுப்பும் அறிக்கை. நாடு சுற்றிய மூன்று பதிவுகளுக்கும் நேராக, 'எழுதியவர்: ஜெரோடிச்' என்று இருந்தது. அடியில், ஜெரோடிச் வேலையில் சேர்ந்த அன்றே கெமுன்டோ எழுதிய ஒரு குறிப்பு:

'புதுப் பொண்ணு. ஒரு புகார் வந்தா இவ வேலை போயிடும், எனக்குப் போகாது. சோதனைக் காலம் முடியற வரைக்கும் கீழே என் எழுத்தே இருக்கட்டும். திட்டு எனக்கு வரட்டும். பாராட்டை அவளுக்குக் குடுத்துடுங்க.'

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"உன் வேலை உறுதி. மாவு கம்பெனியை இனி நீதான் பார்க்கணும்," என்றார் முட்டிசோ.

"சார்... நான் காலையில ஒரு மெயில்..."

"வந்துச்சு. கெமுன்டோகிட்ட காட்டினேன்."

ஜெரோடிச் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "என்ன சொன்னாங்க?"

"'கோபத்துல இன்னும் நல்லா எழுதுறா, தலைப்புதான் கொஞ்சம் சுமார்'னாங்க."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எப்ப சார் காட்டினீங்க?"

"எட்டரைக்கே. நீ அந்த ஆணியை அடிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி."