பாறை மேல் வெளிர்மஞ்சள்

செயற்கைக்கோள் படத்தில் சித்தேரிக் காட்டின் நடுவே புதிதாக ஒரு வெளிர்மஞ்சள் திட்டு. மரங்களை வெட்டிவிட்டார்கள் என்று பயந்து மலையேறி வந்த மேனகா, வனத்துறைக்கு வரைபடம் போடுகிறவள், இப்போது அந்த இடத்திலேயே நிற்கிறாள். அகன்ற கரும்பாறை முழுவதும் ஊரார் காயப்போட்ட சாமைக்கதிர் வெயிலில் பளபளக்கிறது. சுற்றிலும் ஒரு மரம்கூடக் குறையவில்லை. உச்சிக்கிளையில் மலையணில் கத்துகிறது. மேனகா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையோரம் உட்கார்ந்து தன்பாட்டுக்குச் சிரிக்கிறாள். கதிரைக் கிளறிக்கொண்டிருக்கும் குள்ளம்மாள், "என்னாச்சுங்க?" என்கிறாள். "மேலருந்து எடுத்த படத்துல இது மொட்டையாத் தெரிஞ்சுதுக்கா. காடு போயிருச்சுன்னு நெனச்சிட்டேன்." "எங்க சாமை அவ்ளோ ஒசரத்துக்குத் தெரியுதுங்களா?" குள்ளம்மாள் கையால் வெயிலை மறைத்து அண்ணாந்து பார்க்கிறாள். பிறகு குனிந்து, ஓரத்தில் கோணலாகக் கிடக்கும் கதிர்களை நேராக்கி வைக்கிறாள்.