காலியாக வந்த டப்பா

“என் பிள்ளையோட சாப்பாட்டை நீங்க சாப்பிடறேளா?”

ராஜஸ்ரீ போட்ட சத்தத்தில் குழந்தைகள் வார்டே திரும்பிப் பார்த்தது.

ஏழாம் நம்பர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் ஜெபமலர் திடுக்கிட்டு எழுந்தாள். ஒரு கையில் ஸ்பூன். இன்னொரு கையில், ராஜஸ்ரீ காலையில் ஸ்ரீவராகத்தில் இருக்கும் தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த டிபன் டப்பா. வாயில் இருந்த சாதத்தை அவசரமாக விழுங்கினாள்.

கணவன் மஹேஷோடு கேன்டீனுக்குக் கிளம்பிய ராஜஸ்ரீ, மொபைலை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பியிருந்தாள். இல்லாவிட்டால் இது அவள் கண்ணில் பட்டிருக்காது.

ஏழு வயது வெங்கிடேஷுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. முகமும் காலும் வீங்கிப்போய், எட்டு நாள் முன்னால் இங்கே சேர்த்திருந்தார்கள். வீக்கம் வடிகிறவரை சாப்பாட்டில் உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு நாள் பையன் ஒரு வாய்கூட இறக்கவில்லை. துப்பினான். டப்பாவைத் தள்ளிவிட்டான். ராஜஸ்ரீ கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் அழுதாள்.

மூன்றாம் நாள் ஜெபமலர்தான் சொன்னாள். “நீங்க ரெண்டு பேரும் கீழ போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க மேடம். நான் பாத்துக்கிடுதேன்.”

திரும்பி வந்தபோது டப்பா காலி. அன்றிலிருந்து தினமும் காலி. ராஜஸ்ரீக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அக்காவுக்கு போன் போட்டு, “குழந்தை என் சமையலை ஒரு பருக்கை விடாம சாப்பிடறான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இப்பன்னா தெரியறது டப்பா எப்படிக் காலியாச்சுன்னு! குழந்தை வாயில போறதைத் தட்டிப் பறிக்க எப்படி மனசு வந்தது? அதுவும் எச்சப் பண்ணி!” என்று ராஜஸ்ரீ மறுபடியும் சத்தம் போட்டாள்.

ஜெபமலர் தலை குனிந்து நின்றாள்.

சத்தம் கேட்டு ஹெட் நர்ஸ் ரெம்யா ஓடி வந்தாள். பின்னாலேயே, மனைவியைக் காணாமல் தேடி வந்த மஹேஷும்.

“எந்தா சேச்சி? என்ன பிரச்னை?”

“உங்க சிஸ்டரையே கேளுங்கோ. என் கண்ணால பார்த்தேன்!”

“ஜெபமலர், குழந்தையோட சாப்பாட்டைச் சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் மேடம்.”

“இன்னிக்கு மட்டுமா?”

“ஆறு நாளா.”

“கேட்டேளா? எழுதிக் குடுங்கோ, நாம கம்ப்ளெயின்ட் பண்ணலாம்” என்று ராஜஸ்ரீ கணவன் பக்கம் திரும்பினாள். மஹேஷ் மொபைலை வெளியே எடுத்தான்.

“ஐயோ, சண்டை போடாதே அம்மா!” கட்டிலில் எழுந்து நின்றான் வெங்கிடேஷ். “ஒரு ஸ்பூன் எனக்கு, ஒரு ஸ்பூன் சிஸ்டர் ஆன்ட்டிக்கு. அதான் ரூல். நான்தான் போட்டேன்.”

“என்னடா ரூல்? அம்மா ஊட்டினா சாப்பிட மாட்டியா?”

“நீ சாப்பிட மாட்டியே!”

“நானா?”

“நீயும் அப்பாவும் கீழ போய் நன்னா சாப்பிட்டுட்டு வந்துடறேள். எனக்கு மட்டும் இது. சிஸ்டர் ஆன்ட்டிதான் என்னோட சேர்ந்து சாப்பிடறா. அப்பா கையில தினமும் சாம்பார் வாசனை வர்றதே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

மஹேஷ் மொபைலோடு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

வார்டில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

ராஜஸ்ரீ மகனைப் பார்த்தாள். எட்டு நாள் முன்னால் வெறும் கோடாக இருந்த கண்கள் இரண்டும் இப்போது முழுசாகத் திறந்து பளபளத்தன. கன்னம் பழைய கன்னமாகியிருந்தது.

“இதை ஏன் சிஸ்டர் எங்கிட்டச் சொல்லலை?” குரல் இறங்கிவிட்டது.

“எப்படி மேடம் சொல்ல? ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கீங்க. ஒரு வேளையாவது வாய்க்கு ருசியா சாப்பிடுங்கன்னுதான் அனுப்புனேன். இப்ப போய் அவனோட இதைச் சாப்பிடுங்கன்னு சொல்ல மனசு வரல.”

ராஜஸ்ரீ ஜெபமலர் கையிலிருந்த ஸ்பூனையே வாங்கினாள். பருப்பு சாதத்தையும் பீன்ஸையும் சேர்த்து அள்ளி வாயில் வைத்தாள்.

சமைக்கும்போது ருசி பார்க்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. எட்டு நாளாகச் சமைத்தவள் அதை வாயில் வைப்பது இதுதான் முதல் தடவை.

முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் அவள் நிற்க, வெங்கிடேஷ் கட்டிலில் குதித்துக் கை தட்டினான்.

“முழுங்கு அம்மா! முழுங்கு!”

பக்கத்துக் கட்டில் குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. “முழுங்கு! முழுங்கு!”

ராஜஸ்ரீ கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுங்கினாள். வார்டு முழுக்கக் கைதட்டல்.

“அடுத்தது அப்பா!” என்றான் வெங்கிடேஷ்.

மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த மஹேஷை ரெம்யா சிரித்துக்கொண்டே பிடித்து நிறுத்தினாள்.

அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே ராஜஸ்ரீ ஜெபமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆறு நாளா இதைச் சிரிச்சுண்டே சாப்பிட்டிருக்கேளே... உங்களுக்கு எப்படி இறங்கித்து?”

பையன் காதில் விழாமல் ஜெபமலர் குனிந்து சொன்னாள்.

“எறங்கல மேடம். அவன் என் முகத்தையேல்லா பாத்துட்டு இருந்தான்.”