மோட்டார் கொட்டகை ஆடிஷன்

"கை ஆடாம புடி சகாயம். இந்த டேக்கோட முடிஞ்சிரும்."

சொல்வது சுலபம். பச்சையப்பனின் கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டகைக்கு எதிரே, மண்டையைப் பிளக்கிற வெயிலில், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். எதிரே என் வீட்டுக்காரர் அன்புராஜ் கொலைகாரனாக மாறிக்கொண்டிருக்கிறார்.

நடிகராம். பாண்டிச்சேரியில் எந்தக் கம்பெனி வந்து ஷூட்டிங் போட்டாலும் போய் நிற்பார். கூட்டத்தில் ஓடியிருக்கிறார், பிணத்துக்குப் பக்கத்தில் அழுதிருக்கிறார். ஒருமுறை பிணமாகவே படுத்தார். மூச்சு விட்டது தெரிந்துவிட்டது என்று அதையும் வெட்டிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் எத்தனை ஆடிஷன் குரூப் உண்டோ அத்தனையிலும் இருப்பார். விடிந்தால் முகம் தெரியாதவனுக்கெல்லாம் 'குட் மார்னிங் சார்'. பழக்கம் இருந்தால்தான் வாய்ப்பு வருமாம். கட்டின நாளாக எனக்கு ஒரு குட் மார்னிங் கிடையாது.

அப்படிப் பழக்கமானவர்தான் இந்த அரிகரன் சார். ஆளைப் பார்த்ததில்லை. குரல்தான் வரும்.

"கொட்டகைகிட்ட நின்னு நீங்க போடுற ரீல்ஸ் எல்லாம் பாத்திருக்கேன் தம்பி. அதே இடத்துல எடுத்து அனுப்புங்க. வசனம் இருக்கிற வேஷம்."

வசனம் இருக்கிற வேஷம்! அதைக் கேட்ட மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொல்வானேன், எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. இதுவும் தட்டிப்போனால் திங்கட்கிழமை என் அண்ணன் சூசைநாதன் சொல்லிவைத்திருக்கும் கம்பெனியில் மூட்டை தூக்கப் போவதாக மாதா மேல் சத்தியம் செய்திருந்தார். போனால் போய்விடுவார். ஆனால் அதற்கப்புறம் சிரிக்க மாட்டார்.

காலையில் வரும்போது பஸ் ஸ்டாப் சுவரில் டெய்லர் செல்வகுமாரியின் படம் ஒட்டியிருந்தது. காணவில்லை என்று. பாவம், எங்கே போனாளோ. என் பச்சை ஜாக்கெட்டும் அவளிடம்தான் இருக்கிறது. நின்று படிக்கப் போன என்னை, "வெளிச்சம் போயிரும் வாடி" என்று இவர் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அரிகரன் சார் சொல்லியிருந்தது இதுதான். நடிக்கக் கூடாது. சொந்தப் பெயர், சொந்த ஊர் சொல்ல வேண்டும். செய்த கொலையைப் போலீஸிடம் ஒப்புக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். வசனம் முழுக்க அவரே எழுதி அனுப்பினது, ஆயுதம் மட்டும் அங்கே கைக்குக் கிடைப்பதை எடுத்து அதன் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

கொட்டகைச் சுவரில் ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்தது. பச்சையப்பன் மறந்து விட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன். அன்புராஜ் அதை எடுத்து, காம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"என் பேரு அன்புராஜ். சோரியாங்குப்பம். அவள நான்தான் இட்டாந்தேன். கத்துனா. இந்த மம்முட்டிக் காம்பால ஒரு போடு போட்டேன். கரும்புக்குள்ள இழுத்துனு போயி பொதச்சிட்டேன். ஒரு செருப்பு மட்டும் வெளிய கெடந்துச்சு. அத கொட்டாய் மேல தூக்கிப் போட்டேன்."

சொல்லிக்கொண்டே கூரையை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை இருக்கிறதே! என் கையும் போனும் தன்னால் மேலே போய்த் திரும்பின. கூடவே குடும்பம் நடத்துகிற நானே நம்பிவிட்டேன்.

எடுத்த சூட்டோடு அனுப்பினோம். டிக் நீலமானது. கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்துவிட்டது.

'செலக்டட். அங்கேயே இருங்க. வண்டி வரும்.'

அன்புராஜ் மண்வெட்டியோடு வரப்பில் குதித்தார்.

"பாத்தியாடி! மூட்டைய உங்க அண்ணனையே தூக்கச் சொல்லு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் புருஷன் நடிப்பை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று வீடியோவை ஓட்டினேன்.

போன் கூரைப் பக்கம் திரும்புகிற இடத்தில் என்னவோ தெரிந்தது. எடுக்கும்போது வெயில் கூச்சத்தில் நான் கவனிக்கவில்லை. நிறுத்தி, விரலால் பெரிதாக்கினேன்.

சிமெண்ட் ஷீட் ஓரத்தில் ஒரு செருப்பு. பொம்பளை செருப்பு. அறுந்த வாரைப் பச்சை நூலால் தைத்திருந்தது.

என் ஜாக்கெட்டுக்கு நான் வாங்கிக் கொடுத்த நூல். மிச்ச நூலில் செருப்பைத் தைத்துக்கொண்டு, "கோச்சிக்காதீங்கக்கா" என்று செல்வகுமாரி என் எதிரில்தான் சிரித்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். செருப்பு அங்கேயேதான் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் கரும்பு அடர்ந்து நின்றது. உள்ளே எங்கேயோ காக்காய்கள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன.

அரிகரன் சாருக்குப் போன் போட்டேன். போகவில்லை. அந்த நம்பரில் இருந்த வாட்ஸ்அப் படத்தையும் காணோம்.

"யோவ், அந்த மம்முட்டிய கீழ போடுய்யா!"

"இன்னாடி ஆச்சு உனக்கு? வர்றவங்க பாக்கும்போது கேரக்டர்லயே இருக்கணும்."

வாய்க்கால் கரையில் புழுதி கிளம்பியது. ஜீப். மேலே சிவப்பும் நீலமுமாக விளக்கு. மாதாவே, மாதாவே என்று அவர் பக்கம் ஓடினேன்.

அன்புராஜுக்கு முகமெல்லாம் பல்.

"பாரேன் சகாயம், போலீஸ் ஜீப்பே ஏற்பாடு பண்ணிட்டாங்க! பெரிய கம்பெனிதான் போல."

தடுப்பதற்குள் நடந்துவிட்டார். ஜீப் நின்றது. இறங்கினவர்கள் மண்வெட்டியைப் பார்த்தார்கள். அவர் மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டார், கண்ணில் தண்ணீரை வரவழைத்துக்கொண்டார்.

"என் பேரு அன்புராஜ். சோரியாங்குப்பம். அவள நான்தான் இட்டாந்தேன்," என்று ஆரம்பித்தார்.