தலைவர் வெட்டிய வரி

“இதை எழுதின ஆள் இப்ப எங்க இருக்கிறார்?” மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார் குகநாதன்.

“அவர் அமெரிக்கர், மாமா.”

“ஒருக்கா போன் போட்டுக் கதைக்க ஏலாதோ?”

“செத்து நூறு வருஷத்துக்கு மேல.”

“அப்ப ஏலாதுதான்” என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு நாடகப் பிரதியின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அவர் வீட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த சுபாஸ்கரன், புரளும் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். லண்டன் மனோர் பார்க்கில் அந்தத் தமிழ் மன்றம் தொடங்கிய நாளிலிருந்து குகநாதன்தான் தலைவர். மண்டபத்துச் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அவர் படித்துத் தலையாட்டாத நாடகம் எதுவும் அந்த மேடையில் ஏறியதில்லை. போதாக்குறைக்கு அவர் சுபாஸ்கரனின் மாமனார் வேறு. மண்டபம் போனால் நாடகம் போகும். மாமா கோபித்தால் வீட்டில் சோறும் போகும்.

நாடகம் நாளை மாலை. பழைய காலத்து அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் மேடையில் தனியாக நின்று அரசியலைக் கிழிகிழியென்று கிழிக்கிறார், அவ்வளவுதான் கதை. தமிழில் நாடகமாக்கியவள், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரியம்வதா. மதுரைப் பெண், அந்த எழுத்தாளரின் அரசியல் கருத்துகளைப் பற்றித்தான் லண்டனில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். போன வருஷம் மன்றத்தின் பொதுக்கூட்டத்துக்கு வந்தபோது அறிமுகம். நடிப்பவன் சுபாஸ்கரன். பகலில் எலெக்ட்ரீஷியன். இந்த வேஷத்துக்காக மாதக்கணக்கில் மீசை வளர்த்து, மனைவியிடம் தினமும் திட்டு வாங்குகிறான். ஒத்திகை எல்லாம் அவன் வீட்டு ஹாலில்தான்.

அங்கேதான் நேற்று அவனுக்குத் திடீரென்று உறைத்தது. வசனம் ஒவ்வொன்றும் மாமாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறதே!

குகநாதன் உரக்கப் படித்தார். “‘எனக்கு ஒரு தலைவரைத் தெரியும். வருஷா வருஷம் பதவி விலகப் போவதாக அறிவிப்பார். அந்தக் கூட்டத்துக்கு வரும்போது, தனக்குப் போடும் மாலையையும் தானே வாங்கி வருவார்.’”

நிறுத்தினார். சுபாஸ்கரன் தரையைப் பார்த்தான். போன வருஷம் ஈஸ்ட்ஹாம் கடையிலிருந்து அந்த மாலையை எடுத்து வந்ததே அவன்தான்.

குகநாதனின் தொந்தி குலுங்கியது. “பாத்தீரே தம்பி! வெள்ளைக்காரனிலயும் இப்பிடி வெக்கங்கெட்டதுகள் இருந்திருக்குதுகள்!”

“ஓம், மாமா” என்றான் சுபாஸ்கரன்.

“‘கல்யாண வீட்டுப் படத்திலும் நடுவில் நிற்பவர் அவர்தான். மணமக்கள் ஆளுக்கொரு ஓரம்.’” கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். “ஐயோ, அது எந்தப் பாவிப் பெட்டையின்ர கலியாணமோ!”

அவருடைய மகளின் கலியாணம்தான். அந்தப் படம் சுபாஸ்கரன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

“இப்பிடியெல்லாம் எழுதினா அந்த நாட்டில சும்மா விட்டவையோ, பிள்ளை?” என்று பிரியம்வதாவிடம் கேட்டார்.

“அவரோட அரசியலே அதுதான் சார். நாற்காலியில உட்கார்ந்தவங்களை விடவே மாட்டார்” என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். “அப்புறம் சார், நாளைக்கு மண்டபத்தை எத்தனை மணிக்குத் திறந்து விடுவீங்க?”

“முதல்ல தேத்தண்ணியைக் குடியும், பிள்ளை.”

அடுத்த வசனமே, யார் கேள்வி கேட்டாலும் தேநீர் கொடுத்து வாயை அடைத்துவிடும் தலைவரைப் பற்றியது. அதற்கும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

பிழைத்தோம் என்று சுபாஸ்கரன் முதுகைச் சாய்த்தான். அப்போதுதான் கடைசிப் பக்கம் வந்தது. சிரிப்பு சட்டென்று நின்றது.

“இதென்ன இது?”

“எது மாமா?”

“‘பெரிய நாடு ஒன்று சின்ன நாட்டுக்குச் சுதந்திரம் கொடுக்கக் கப்பலேறும்போது, பையில் ஒரு பூட்டையும் எடுத்துப் போகிறது.’ பூட்டு! மண்டபத்துக் குசினி அலுமாரிக்குப் பூட்டுப் போட்டது ஆர்? நான்! எனக்கு நேரடியா அடிக்கிறியள், என்ன?”

“ஐயோ மாமா, அது அமெரிக்கா போய் பிலிப்பைன்ஸைப் பிடிச்ச கதை.”

“பிலிப்பைன்ஸோ கிலிப்பைன்ஸோ! சனம் முழுக்க என்ர பூட்டைத்தான் நினைக்கும். சீனி களவு போகுதெண்டு போட்ட பூட்டு அது! இதை வெட்டினாத்தான் சாவி. இல்லையெண்டா நாடகமும் இல்லை, ஒண்டும் இல்லை.”

சுபாஸ்கரன் கெஞ்சும் கண்களோடு பிரியம்வதாவைப் பார்த்தான். முதல் தடவையாக அவள் முகம் வாடியிருந்தது.

“சார், வேற எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க. இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே!”

“மற்றதெல்லாம் முத்து முத்தா இருக்கு. அதுகளில ஒரு எழுத்தும் மாத்தப்படாது. இதை மட்டும் வெட்டும்.”

அவள் பேனாவை எடுத்தாள். தன் கையாலேயே தன் பல்லைப் பிடுங்குகிறவள் போல அந்த வரியை அடித்தாள். குகநாதன் சாவியை எடுத்து நீட்டினார். “முன்வரிசையில எனக்கு நடுச் சீற்!”

வெளியே சர்ச் ரோட்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. சுபாஸ்கரன் சாவியை இறுக்கிப் பிடித்தபடி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

“ஒரு வரிதானே, விடுங்கோ. மிச்சமெல்லாம் தப்பிச்சிட்டுதே! ஆனா ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை. அந்தக் காலத்தில செத்த மனிசன், எங்கட மாமாவைப் பக்கத்தில நிண்டு பாத்த மாதிரி எப்பிடி எழுதினவர்?”

பிரியம்வதா குடையை விரித்தாள்.

“அவர் இன்னிக்கு மனோர் பார்க்ல இருந்தா என்ன எழுதுவார்னு நானா எழுதினதுங்க அதெல்லாம். இந்த நாடகத்துல அவரே எழுதின வரி ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதைத்தான் உங்க மாமா வெட்டிட்டார்!”