முத்திரை விழும் வீடு

“சாம்பார்ல உப்பே இல்ல.”

டக்!

தயாளன் சொல்லி முடிப்பதற்குள் கூரையில் கோர்ட் மாட்டிவைத்த பெட்டி முத்திரை குத்திவிட்டது. சுவர்த் திரையில் எண் ஏறியது: ரூபிணி - தயாளன் விவாகரத்து வழக்கு, பக்கம் 2846.

ரூபிணி வழக்குப் போட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் கோர்ட் ஆவணம். எண் விழுந்த பக்கத்தைத் திருத்தவும் முடியாது, கிழிக்கவும் முடியாது.

தயாளன் சுதாரித்துக்கொண்டான். “ஆனா ரசம் பிரமாதம், ரூபி.”

டக்!

“இது எனக்கா, ஜட்ஜுக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

அவள் சிரித்துவிட்டாள். போன வருஷமாக இருந்தால் இந்நேரம் தட்டு பறந்திருக்கும்.

மறுநாள் குடும்ப நல நீதிமன்றத்தில் நீதிபதி பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“கொடுமை எங்கம்மா இருக்கு? முதல் நூறு பக்கத்துக்கு அப்புறம் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லையே! வழக்கை வாபஸ் வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க.”

தயாளனின் முகம் மலர்ந்தது. ரூபிணி பதறி எழுந்தாள்.

“வேண்டாங்கய்யா! வாபஸ் வாங்கினா பெட்டியைக் கழட்டிருவாங்க, இந்த மனுஷன் பழையபடி கத்த ஆரம்பிச்சிருவார். இப்பதான் நல்லா குடித்தனம் பண்றோம், கெடுத்துராதீங்க. வாய்தா மட்டும் குடுங்க, போதும்.”

“எதுவரைக்கும்?”

“எங்க புள்ளைக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும்.”

“புள்ளைக்கு இப்ப என்ன வயசு?”

ரூபிணி தலை குனிந்துகொண்டாள்.

“இனிமேதாங்கய்யா பொறக்கணும்.”