சின்ன டிரெய்லரே போதும்

"இன்னும் முடியலே மார்லா. டிரெய்லரைக் கழட்டிட்டு மறுபடியும் மாட்டு. இந்தத் தடவை நீ தனியா" என்றார் கணவர் ராய்ஸ்.

மார்லாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. டிரெய்லர் வீடுகள் விற்கும் மைதானத்தில் இத்தனை பேர் முன்னால் இதென்ன கூத்து? டிரக்கைப் பின்னால் எடுத்து, அதன் முதுகில் இருக்கும் கொக்கியில் டிரெய்லரின் மூக்கு முளையைக் கச்சிதமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ரெண்டு முறை செய்தாயிற்று.

விற்பனையாளன் டஸ்டின் பல்லைக் காட்டினான். "என்ன சார், வாங்கறதுக்கு முன்னாடியே மேடத்துக்குப் பரீட்சை வைக்கறீங்க? பேசாம அந்தப் பெரிய டிரெய்லரை எடுங்க. பட்டனைத் தட்டினா தானே காலை ஊனிச் சமமா நின்னுக்கும். உங்க டிரக் அதை இழுக்காது, அதனால என்ன, பெரிய டிரக்கும் நானே தர்றேன்!"

"சின்னதே போதும்" என்றார் ராய்ஸ்.

பெரியதை மார்லா உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கனமான சுவர், எந்தக் குளிரையும் தாங்கும். நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பின்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி. சின்னதில் கதவைச் சாத்தினால் தகர டப்பா மாதிரி அதிர்ந்தது. சொந்த வீட்டை விற்றாயிற்று. இனி சாகிறவரை இதுதான் வீடு.

"இத்தனூண்டு ஜன்னல் வழியா என்னத்தைப் பார்க்கறது ராய்ஸ்? மலையும் கடலும் பார்க்கணும்னுதானே வீட்டையே வித்தோம்? கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

"காசுக்காக இல்லே."

"பின்னே எதுக்கு?"

"முதல்லே மாட்டு" என்றார் ராய்ஸ். சில மாதங்களாகவே இப்படித்தான். ஸ்டியரிங்கைத் தொடவிடாத மனுஷன், முதுகு வலி என்று சொல்லிச் சாவியை அவளிடமே கொடுத்துவிடுகிறார். போன வாரம் டிரக்கையும் அவள் பேருக்கு மாற்றிவிட்டார்.

மார்லாவுக்குத் தோழி பெகியின் ஞாபகம் வந்தது. பெகியின் புருஷனும் இப்படித்தான். வரி கட்டுவது, புல் வெட்டும் எந்திரத்தை ஓட்டுவது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அவளுக்கு எல்லாம் பழகியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மார்லா ஒருவழியாகத் தனியாகவே மாட்டி முடித்தாள்.

"கொஞ்சம் முன்னாடி இழுத்துப் பார்த்தியா? சரியா மாட்டாமக் கிளம்பினா டிரெய்லர் டிரக் மேலேயே உட்கார்ந்துடும். நான் பக்கத்திலே இல்லேன்னாலும் இதை மறக்கக் கூடாது."

"ஏன், நீ எங்கே போகப் போறே?"

காதில் விழாதவர் போல ராய்ஸ் பின்பக்கம் நடந்தார். "ரிவர்ஸ் எடு."

புருஷன் பெண்டாட்டி சேர்ந்து டிரெய்லரை நிறுத்துவதைப் பார்ப்பதுதான் டிரெய்லர்கள் தங்கும் முகாம்களில் சாயங்கால வேடிக்கை. பீரும் கையுமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். இரவல் டிரெய்லரில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் ராய்ஸ்தான் ஓட்டுவார். மார்லா பின்னால் நின்று கையை ஆட்டி, திட்டு வாங்குவாள். இன்று எல்லாம் தலைகீழ்.

"வா... வா... இன்னும் வா..."

கண்ணாடியில் மஞ்சள் கம்பம் ஒன்று நெருங்கிக்கொண்டே வந்தது.

"வா... வா..."

மார்லா பிரேக்கை மிதித்தாள். இறங்கிப் பார்த்தால், கம்பத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி.

"இத்தாப் பெரிய கம்பம் நிக்குது, வா வாங்கறியே! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராய்ஸ் உடம்பையே திருப்பிக் கம்பத்தைத் தேடினார். முகம் வெளுத்துப்போயிற்று.

"போதும் ராய்ஸ். வண்டியிலே ஏறு, பேசணும்."

ஏறியதும் மார்லா ஜன்னலை மூடினாள்.

"நேராச் சொல்லிடு. என்னை விட்டுட்டுப் போகப் போறியா?"

"என்னது?"

"டிரக்கை என் பேருக்கு எழுதறே. தனியா மாட்டுங்கறே, தனியா ஓட்டுங்கறே. பெகி புருஷனும் இதைத்தானே செஞ்சான்!"

ராய்ஸுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அடிப் பைத்தியமே! அந்தப் பெரிசை உன்னாலே ஓட்ட முடியுமா, அதைச் சொல்லு."

"நான் ஏன் ஓட்டணும்? நீ இருக்கியே."

"அந்தக் கம்பம் எனக்குத் தெரியவே இல்லே மார்லா. நேரே இருக்கறதுதான் தெரியுது. ஓரமெல்லாம் இருட்டு. அது இன்னும் உள்ளே வந்துகிட்டே இருக்கு."

மார்லா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சற்று முன் தான் கத்தியது காதிலேயே நின்றது.

"ஏன் என்கிட்டே சொல்லலே?"

"சொன்னா, பயணமே வேண்டாம்னுடுவே. டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுதான் சொன்னாரு, பார்க்கக் கூடாதுன்னு சொல்லலையே. மிச்சம் இருக்கற பார்வையிலே எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துடறேன். நீ ஓட்டுவேதானே?"

டஸ்டின் ஜன்னலைத் தட்டினான். "என்ன மேடம், சண்டை முடிஞ்சுதா? யாரு ஜெயிச்சது, பெரிசா, சின்னதா?"

மார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலை இறக்கினாள்.

"சின்னதுதான். ஆனா இவர் உட்கார்ற பக்கத்து ஜன்னலை மட்டும் பெரிசாப் போட்டுத் தர முடியுமா?"