பூனைக்கு வைத்த மீன்குழம்பு

பிமலேந்துவுக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. படம் எங்கும் வெளிவராத பிரபல நாவலாசிரியர் அக்னிமித்ரனின் வாரத் தொடரில், கணவன் கட்டிலுக்கடியில் ஒளிந்து ரசகுல்லா தின்கிறான். பிமலேந்துவின் வழக்கமும் அதுவே. அது மனைவி ஷெபாலிக்கு மட்டும்தானே தெரியும்?

தொடரில் அந்த மனைவி, கணவனுக்கு விஷம் வாங்கிவிட்டாள்.

“அந்த எழுத்தாளனுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?”

“அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்ல. பேசாம சாப்பிடுங்க!”

அவள் நகர்ந்ததும் மீன்குழம்பைப் பூனைக்கு வைத்தார். பூனை தின்றுவிட்டு இன்னும் கேட்டது.

மறுநாள் ஹௌரா லோக்கல் ரயிலில், தினமும் கூடச் சீட்டாடுபவரிடம் புலம்பினார். பத்து வருடமாக ஆடுகிறார்கள், பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை.

“அண்ணா, பூனை சாகலை. மெதுவா கொல்ற விஷமோ? அந்த எழுத்தாளன் மட்டும் கையில கிடைச்சான்னா, ஓடுற ரயில்லேர்ந்து தள்ளிடுவேன்!”

“தள்ளுறது இருக்கட்டும். முதல்ல சீட்டைப் போடுங்க.”

அடுத்த வாரத் தொடரில், கணவன் மீன்குழம்பைப் பூனைக்கு வைத்தான்.

பிமலேந்து நிதானமாக யோசித்தார். பூனை விஷயம் ஷெபாலிக்கே தெரியாது. சொன்னது ஒரே ஒருவரிடம். நினைத்துப் பார்த்தால், ரசகுல்லாவையும் அவரிடம் சொல்லியிருந்தார்.

ரயிலிலிருந்து தள்ளிவிடலாம்தான். ஆனால் இப்படியொரு சீட்டுக் கூட்டாளி கிடைக்கமாட்டார். தொடர் முடியவும் ஒரு வாரம்தான் இருந்தது.

மறுநாள் சீட்டைக் கலைத்துக்கொண்டே ஆரம்பித்தார்: “அண்ணா, என் பொண்டாட்டி மாதிரி வருமா! நேத்து மீன்ல முள்ளையெல்லாம் எடுத்து ஊட்டிவிட்டா.”

கடைசி அத்தியாயத்தில் மனைவி விஷத்தைச் சாக்கடையில் கொட்டினாள். அதைப் படித்த பிறகே பிமலேந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்.